குடிசார் பொறியியல்: அந்தச் சொல்லின் முதற்பாதி

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், திருகோணமலை உள்துறைமுக வீதியில் நான் தங்கியிருந்த உறவினர் வீட்டுக்கு ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். மூதூரைச் சேர்ந்தவர். தந்தையார் கொட்டியாரக் குடாவில் தொழில் செய்யும் மீனவர். மகன் பல்கலைக்கழகமொன்றின் பொறியியற் பீடத்தில் முதலாம் ஆண்டை முடித்திருந்தார். எமது நாட்டில் பொறியியல் மாணவர்கள் முதலில் பொதுவாகவே படிக்கின்றனர். பின்னர் பெறுபேறுகளின் அடிப்படையில் கணினி, மின், இலத்திரனியல், இயந்திரவியல், குடிசார் என்று துறை பிரிகின்றனர். அந்தத் தெரிவுப் படிவத்தை நிரப்பும் வேளை அவருக்கு வந்திருந்தது.

"ஐயா, அம்மா கொம்பியூட்டர் எடுக்கச் சொல்லுறா. கனடாவில இருக்கிற மாமாவும் அதைத்தான் சொல்லுறார். எனக்குச் சிவில்தான் விருப்பம். நான் நினைக்கிறது பிழையா?" என்று கேட்டார்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆயினும், இந்த மாவட்டத்தைப் பற்றி நான் எழுதிய மிகத் துயரமான செய்திகளில் பலவற்றின் நடுவே ஓர் அணைக்கட்டோ, ஒரு பாலமோ, ஒரு மதகோ இருந்ததை நினைத்துப் பார்த்தேன். அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே பதிவு செய்கிறேன். அவரைப் போன்ற பிள்ளைகளுக்கும், கடல் கடந்து வாழும் மாமன்மாருக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். தமிழகத்தில் கட்டடப் பொறியியல் என்றும் சொல்வார்கள். இலங்கையில் குடிசார் பொறியியல் என்பதே பாடப்புத்தகச் சொல். இந்தச் சொல்லில் உள்ள 'குடி' வெறும் ஒலிபெயர்ப்பு அன்று. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பொறியியலாளர் என்றால் படையினரே. கோட்டை கட்டுவதும், கோட்டை தகர்ப்பதும், பீரங்கி செல்ல வீதி சமைப்பதும் அவர்களது வேலை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜோன் ஸ்மீற்றன், தாம் படைக்காக அன்றிக் குடிமக்களுக்காகக் கட்டுபவர் என்று காட்டுவதற்காகவே தம்மைச் 'சிவில்' பொறியியலாளர் என அழைத்துக் கொண்டார். 1818இல் இலண்டனில் அத்தகையோருக்கென ஒரு நிறுவகமே தோன்றிற்று. ஆக, குடிசார் என்பதன் முதற்பொருள் 'படைசாராத' என்பதே.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு திருகோணமலையைப் பாருங்கள். எமது ஊருக்கு வந்த பொறியியலில் பெரும்பகுதி படைசார்ந்ததாகவே வந்தது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தர் அதைத் திருத்தினர். ஆங்கிலேயர் துறைமுகத்தைக் கடற்படைத் தளமாக்கினர். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், தமது போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்கவெனச் சீனன்குடாவில் மாபெரும் உருக்குத் தாங்கிகளை அமைத்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கிய பின்னரும் அவற்றுள் 99 தாங்கிகள் எஞ்சி நிற்கின்றன. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறியது. தாங்கிகளோ இன்றும் உடன்படிக்கைகளின் பொருளாகவே இருக்கின்றன. 2022 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மிகுதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என்று பங்கிடப்பட்டன.

உலகம் போற்றும் இந்த இயற்கைத் துறைமுகத்தைப் பற்றி எழுதாத வெளிநாட்டுச் செய்தியாளர் இல்லை. அந்தத் துறைமுகத்தின் மறுகரைக்கு ஒரு கர்ப்பிணித் தாய் எவ்வாறு சென்றாள் என்று எழுதியவர் மிகச் சிலரே.

என் தலைமுறையினருக்குத் தெரியும். திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்ல 'லோஞ்ச்' எனப்படும் இயந்திரப் படகில் குடாவைக் கடக்க வேண்டும். இல்லையேல் கந்தளாய், அல்லை வழியாகச் சுற்ற வேண்டும். கரையோர வீதியால் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என ஒவ்வொரு துறையிலும் 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டும். தமிழக வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் எமது பகுதியில் வழி மட்டுமன்று. ஆற்றையும் களப்பையும் கடக்க உதவும் மிதக்கும் தட்டையும் அவ்வாறே அழைப்போம். வீதி முடிந்த இடத்தில் அந்தத் தட்டே வீதியாக இருந்ததால் வந்த பெயர் போலும்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியுதவியில் அமைந்த, 396 மீற்றர் நீளமான பாலம். அன்றைக்கு நாட்டிலேயே மிக நீளமானது. அதன் பின்னர் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இன்று மூதூர்ப் பிள்ளையொன்று ஒரு மணித்தியாலத்துக்குள் நகரத்துப் பாடசாலைக்கு வந்துவிடலாம். என்னைத் தேடி வந்த இளைஞரும் அப்பாலத்தின் மேலாகத் தனியார் வகுப்புக்கு வந்து படித்தவரே. பாலம் இல்லாதிருந்தால் அவர் உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடுத்திருப்பாரா என்பதே ஐயம். ஒரு பாலம் கல்வியைக் கொடுக்கும் என்பதற்கு இதைவிட எளிய சான்று என்னிடம் இல்லை.

பாலம் இன்மை என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. கிண்ணியாப் பெரும்பாலத்துக்கு அண்மையில்தான் குறிஞ்சாக்கேணி இருக்கிறது. அங்கிருந்த பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் அமைக்கும் வேலை தொடங்கியது. வேலை முடியும்வரை மக்கள் கடந்து செல்லப் பாதுகாப்பான மாற்றுவழி இருக்கவில்லை. ஒரு மிதப்புப் பாதையை நம்பியே போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சென்ற அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே 6 பேர் இறந்தனர். அவர்களில் 4 பேர் பிள்ளைகள்.

இந்த இடத்தில் குடிசார் பொறியியல் என்ற பாடத்தின் உட்பொருளைக் கவனியுங்கள். பாலத்தின் உத்தரம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணிப்பது அதன் ஒரு பகுதி. பாலம் கட்டப்படும் காலத்தில் மக்கள் எவ்வழியாகப் போவார்கள், மிதப்பில் எத்தனை பேர் ஏறலாம், ஒரு பக்கமாக அவர்கள் சாய்ந்தால் அது கவிழாதிருக்குமா, வேலை எத்தனை மாதத்தில் முடியும் என்பதும் அதே பாடத்தின் பகுதிகளே. மிதக்கும் பொருளின் சமநிலை என்பது முதலிரு ஆண்டுகளிலேயே பாய்மப் பொறியியலில் கற்பிக்கப்படும் கணக்கு. வீட்டுப்பாடமாகக் கொடுக்கப்படும் கணக்கு. அந்தக் கணக்கைப் போட வேண்டிய இடத்தில் எவரும் போடவில்லை. அல்லது போட்டவர் சொன்னதை எவரும் கேட்கவில்லை. இரண்டில் எதுவாயினும் இறந்தவர்கள் பிள்ளைகள்.

குளத்துக்கு வருவோம். திருகோணமலைத் தமிழரின் பழம்பெரும் நாயகன் குளக்கோட்டன். குளமும் கோட்டமும் கட்டியமையால் அப்பெயர் பெற்றான் என்பது எமது மரபு. கந்தளாய்க் குளத்தையும் அவனோடு சேர்த்தே கோணேசர் கல்வெட்டு பேசும். சிங்கள வரலாற்று மரபு அதனை இரண்டாம் அக்கிரபோதி மன்னனுக்கு உரியதாக்கும். கட்டியவர் யார் என்ற வழக்கு நூலகங்களில் நடக்கட்டும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை அந்த அணைக்கட்டு உடைந்தபோது, உறக்கத்தில் இருந்த 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நான் செய்தி மேசைக்குப் புதியவன். தொலைபேசியில் வந்த எண்ணிக்கையை ஒவ்வொரு பதிப்புக்கும் மாற்றி எழுதிய அந்த நாளை மறக்கவில்லை. வெள்ளம் எவருடைய மொழியையும் கேட்கவில்லை.

மண் அணை பெரும்பாலும் பேரிரைச்சலோடு உடைவதில்லை என்று பிற்காலத்தில் ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளர் எனக்கு விளக்கினார். விரல் தடிப்பில் நீர் ஒரு வழி கண்டுபிடிக்கும். வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும்வரை அச்சம் குறைவு. கலங்கிய நீர் வரத் தொடங்கினால், உள்ளே மண் கரைந்து செல்கிறது என்று பொருள். அதைக் கண்டறிய ஒருவர் நாள்தோறும் அணையின் அடிவாரத்தில் நடக்க வேண்டும். கண்டதை எழுதி வைக்க வேண்டும். எழுதியதை மேலதிகாரி படிக்க வேண்டும். இத்தனையும் நடந்தால் செய்தியே இருக்காது. பத்திரிகைக்காரனாகிய எனக்கு எழுத எதுவும் கிடைக்காத நாள்களே நல்ல பொறியியலாளர் வேலை செய்த நாள்கள் என்பதை அன்று விளங்கிக் கொண்டேன். அண்மையில் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பகுதிக்குள் வெள்ளம் புகுந்தபோது, அந்தப் பழைய உரையாடலே நினைவுக்கு வந்தது.

மண்ணைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் செல்ல இயலாது. பேராசிரியர் அழகையா துரைராஜா. வடமராட்சியில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் கற்று, கேம்பிரிட்ஜ் சென்று களிமண்ணும் மணலும் சுமையின்கீழ் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்தவர். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, மண் பொறிமுறையில் இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படும் கொள்கையின் அடித்தளங்களுள் ஒன்று. அத்தகையவர் நாடு திரும்பிப் பேராதனையில் கற்பித்தார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். போரும் எரிபொருள் தடையும் நிலவிய நாள்களில் சைக்கிளில் பணிக்குச் சென்ற துணைவேந்தர் அவர். 1994இல் காலமானார். கிளிநொச்சியில் பொறியியற் பீடம் அமைய வேண்டும் என்பது அவரது கனவு. அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னரே அது நனவாயிற்று.

எம்மிடம் இத்தகைய முன்னோர் இருந்தும், இந்தப் படிப்பு எமது அரசியலின் ஆறாத புண்ணாகவும் ஆனது. 1971இல் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தலின்போது, பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளி பெற வேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதுமானதாயிற்று. அந்த 23 புள்ளிகள் ஒரு தலைமுறையின் உள்ளத்தில் இட்ட தீயை நான் விவரிக்கத் தேவையில்லை. ஆயினும் நேர்மையாக மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தைத் தாக்கியது. ஆனால் திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அதுவரை மூடியிருந்த கதவு சற்றே திறந்தது. இன்றைய முறையில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலருக்கு இதனைச் சொன்னால் கசக்கும். மூதூரில் இருந்து பார்ப்பவருக்குக் கசக்காது.

அவ்வாறே இன்னொரு கசப்பையும் மறைக்கக் கூடாது. பொறியியல் தன்னளவில் அப்பாவியன்று. கந்தளாயிலும் அல்லையிலும் நீர்ப்பாசனத் திட்டங்கள் வயலுக்கு நீர் கொடுத்தன. அவற்றோடு வந்த குடியேற்றங்கள் இந்த மாவட்டத்தின் குடிப்பரம்பலையும் மாற்றின. 2006 யூலையில் மாவிலாற்று மதகு விடுதலைப் புலிகளால் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் நீரிழந்தன. கிழக்கில் பெரும்போர் அங்கேதான் மூண்டது. அடுத்த மாதமே, சுனாமியால் நலிந்த மக்களுக்கு நீரும் சுகாதார வசதியும் அமைத்துக் கொடுத்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இன்றுவரை அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. என்னைத் தேடி வந்த இளைஞர், அந்த நாள்களில் தாயின் இடுப்பில் இருந்தபடி மூதூரை விட்டு வெளியேறிய கைக்குழந்தை.

ஆகவேதான் சொல்கிறேன்: 'பொறியியல்' என்ற பிற்பாதியை எந்த நாட்டிலும் கற்கலாம். 'குடி' என்ற முற்பாதியை, குடிமக்கள் யாவர், அவர்களுள் விடுபட்டோர் யாவர் என்று அறிந்த ஒருவரே சரியாகக் கற்க முடியும்.

இனி அந்த மாமனாரின் பக்கத்தையும் பார்ப்போம். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தபோது, கட்டுமானத் தளங்களே முதலில் வெறிச்சோடின. பட்டதாரிகள் வேலையின்றி நின்றனர். மத்திய கிழக்குக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றோர் பலர். கணினித் துறையில் வீட்டில் இருந்தபடியே டொலர் உழைக்கலாம். குடிசார் பொறியியலாளர் வெயிலில் நிற்க வேண்டும், புழுதி குடிக்க வேண்டும். ஒப்பந்தகாரர் கொண்டுவரும் பட்டியலில் கையொப்பமிட மறுத்தால் இடமாற்றமும் வரலாம். சீமெந்தின் அளவு குறைந்தது தெரிந்தும் கண்ணை மூடிக் கொள்ளும்படி கேட்கப்பட்ட பொறியியலாளர்களை என் தொழிலில் சந்தித்திருக்கிறேன். மூடிக் கொண்டவர்களையும் சந்தித்திருக்கிறேன். இவற்றை மறைத்து ஓர் இளைஞரை ஒரு துறைக்குள் தள்ளுவது பாவம்.

ஆனாலும் சில உண்மைகள் மறுபக்கத்தில் உள்ளன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. ஆதலால் இங்கே அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பட்டத்துக்குப் பல நாடுகளில் மதிப்புண்டு. கணினி மொழிகள் சில ஆண்டுகளில் பழையனவாகும். நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் விதி பழையதாகாது. வெள்ளமும் சூறாவளியும் கடற்கோளும் கண்ட ஒரு கரையோர மாவட்டத்துக்கு, வடிகாலும் அணையும் வீதியும் அறிந்தவர்களின் தேவை குறையப் போவதுமில்லை. 2004 டிசம்பர் 26இல் கடலோரத்தில் இருந்த கிண்ணியா வைத்தியசாலையே அலையில் சிதைந்தது. காயம்பட்டோர் செல்ல வேண்டிய இடமே காயம்பட்டது. வைத்தியசாலையை எங்கே அமைப்பது என்பது வைத்தியர்கள் மட்டும் தீர்மானிக்கும் விடயமன்று.

இவ்வளவு இருந்தும் இந்த மாவட்டத்தில் குடிசார் பொறியியற் பட்டம் கற்க இடமில்லை. துறைமுகத்தின் ஓரத்தில் சீமெந்து உற்பத்தியாகிறது. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்குமுன் கொண்டுவந்து சேர்க்கும் மணல், லொறிகளில் நாடெங்கும் செல்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் உண்டு, தொடர்பாடலும் வணிகமும் உண்டு, பிரயோக விஞ்ஞானம் உண்டு. பொறியியற் பீடம் இல்லை. கிழக்கில் பொறியியல் கற்க மட்டக்களப்பையும் தாண்டி ஒலுவிலுக்குச் செல்ல வேண்டும். துறைமுகம், குளங்கள், களப்புகள், ஆற்று முகத்துவாரம், எண்ணெய்த் தாங்கிகள் என ஒரு குடிசார் பொறியியல் மாணவன் பார்க்க வேண்டிய அனைத்தும் ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் அமைந்த இடம் இந்நாட்டில் வேறெங்குண்டு? கரையோரமும் நீர்வளமும் சார்ந்த சிறப்புத் துறையாகவேனும் ஒன்றை இங்கே தொடங்குவது பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சிந்திக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு உதவி என்றதும் பெயர்ப்பலகையுடன் கூடிய கட்டடத்தையே நினைக்கிறோம். மூதூரிலும் வெருகலிலும் ஈச்சிலம்பற்றையிலும் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்க நல்ல ஆசிரியர் ஒருவரை இரண்டு ஆண்டுகள் நிறுத்துவதற்கான செலவு, ஒரு மண்டபத்தின் கூரைச் செலவைவிடக் குறைவு. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் திடீரென ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே தடுமாறுகிறது. துறைத் தெரிவும் அதனால் பாதிக்கப்படுகிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள எமது பொறியியலாளர்கள், வாரத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழியே அந்தப் பிள்ளைகளுடன் பேசினால் போதும். மண்டபத்துக்குக் கல்வெட்டு வைப்பார்கள். இதற்கு வைக்க மாட்டார்கள். பயன் மட்டும் நிற்கும்.

அன்று மாலை அந்த இளைஞரிடம் நான் எதையும் தீர்மானித்துக் கொடுக்கவில்லை. "தம்பி, உழைப்பு முக்கியம் என்றால் மாமா சொல்வதைக் கேளும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை, வீட்டில் கஷ்டம் இருக்கிறது. ஆனால் சிவில்தான் என்று முடிவெடுத்தால் அரைமனதோடு எடுக்காதையும். அரைமனதோடு கட்டிய பாலத்தில் பிள்ளைகள் நடக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் குடிசார் பொறியியலையே முதலாவதாக நிரப்பினார் என்று பின்னர் அறிந்தேன். இடமும் கிடைத்துவிட்டது. தாயாருக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லையாம். அது தீர வேண்டிய நாள், கொட்டியாரக் கரையில் ஏதேனும் ஒரு பாலத்தையோ அணையையோ காட்டி, இதைப் பார்த்துக்கொள்பவன் என் மகன் என்று அவர் சொல்லும் நாளாக இருக்கட்டும். அந்த வேலையை இங்கேயே செய்வதற்கான இடத்தை அவனுக்கு இந்த நாடு கொடுக்குமா என்பதே என் கவலை.